கொக்குக் கூட்டில் கடைக்குட்டியின் பாடு

கொக்குகள் கூட்டமாகக் கூடு கட்டிய மரங்களுக்கு அடியில் குஞ்சுகள் செத்துக் கிடப்பதைப் பார்த்த வாசகர் ஒருவர், "பெற்ற பறவை காப்பாற்றாதா?" என்று கேட்டிருக்கிறார்.

தண்ணீர் சூழ்ந்த மரம், எதிரியைக் கண்டுகொள்ள நிறையக் கண்கள் என்று கூட்டமாக வாழ்வதன் லாபம் தெரிந்ததுதான். ஆண் குச்சி கொண்டுவரும், பெண் அடுக்கும், இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். சரி, பதில் அந்த அடைகாப்பில்தான் இருக்கிறது.

கோழி எல்லா முட்டைகளையும் இட்டபிறகே அடையில் உட்காரும். குஞ்சுகள் ஏறக்குறைய ஒன்றாகப் பொரியும். உண்ணிக்கொக்கு ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு முட்டையிடும். ஆனால் கடைசி முட்டைக்காகக் காத்திராமல் முன்னாலேயே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் கடைக்குட்டி பொரியும்போது மூத்தது வளர்ந்து நிற்கும். போதாததற்கு, முதலில் இட்ட முட்டைகளின் மஞ்சள் கருவில் ஆண்மை ஹார்மோன்களும் அதிகம் என்று 1997-இல் தெரியவந்தது. மூத்தவை இளையதைக் கொத்தி ஒடுக்கும், சில சமயம் கூட்டை விட்டே துரத்தும். பெற்றோர் குறுக்கே வருவதில்லை.

இது கல்நெஞ்சம் அல்ல. முட்டையிடும் நாளில், வரப்போகும் வாரங்களில் இரை எவ்வளவு கிடைக்கும் என்று தாய்க்குத் தெரியாது. அதிகமாக ஒரு முட்டை இட்டுவைக்கிறது. இரை பெருகினால் எல்லாம் பிழைக்கும். குறைந்தால் கடைசியது மட்டும் போகும். பிரிட்டிஷ் பறவையியலாளர் டேவிட் லாக் 1947-இல் முன்வைத்த விளக்கம் இது. பின்னாளில் குஞ்சுகளை இடம் மாற்றி, ஒரே வயதுக் குஞ்சுகள் உள்ள கூடுகளை அமைத்துப் பார்த்தார்கள். அங்கே சண்டை கூடியது, பெற்றோர் கொண்டுவர வேண்டிய இரையும் கூடியது!

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்கப் பறவை ஆய்வாளர் டக்ளஸ் மாக் 1984-இல் வெளியிட்ட ஆய்வு. பெரிய வெள்ளைக் கொக்கு சிறு மீன்களை ஊட்டும். முந்துகிற குஞ்சு அலகிலிருந்தே பறித்து விழுங்கிவிடலாம், அதனால் அடித்துக்கொள்வதில் பலன் உண்டு. வட அமெரிக்காவின் பெரும் நீல நாரை கொண்டுவரும் பெரிய மீனை அப்படி ஒன்றே விழுங்க முடியாது. அங்கே சண்டை குறைவு. மாக் குஞ்சுகளைக் கூடு மாற்றி வளர்க்கவிட்டார். கொக்கிடம் வளர்ந்த நாரைக் குஞ்சுகள் சண்டைக்காரர்களாயின. நாரையிடம் வளர்ந்த கொக்குக் குஞ்சுகளோ, பெரிய மீன் தின்றும் அடித்துக்கொள்வதை விடவே இல்லை.