அப்பா காரிலேயே உட்கார்ந்திருந்தார்

மலேசியாவின் காஜாங் சிறைக்கு வெளியே நிழல் பார்த்து நிறுத்திய ஒரு பழைய புரோட்டோன் சாகா. சன்னலை இறக்கிவிட்டு அப்பா பேப்பர் புரட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா மட்டும் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கையில் இறுக்கிப் பிடித்தபடி மகனைப் பார்க்க உள்ளே போகிறார். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்த மனிதர், அந்த வாசலைத் தாண்ட மாட்டார். "அவன் மூஞ்சியப் பாத்து எனக்கு என்ன ஆகப்போவுது? ஒன்றரை வருசம்தானே, தானா வந்துருவான்" என்றார் என்னிடம்.

குடும்ப ஆலோசகராக இப்படிப்பட்ட வீடுகளோடு பல வருடமாகப் பழகுகிறேன். பெரிய வழக்கில் மாட்டியவரின் குடும்பம் முட்டி மோதியாவது பார்க்கப் போய்விடும். சின்னத் தண்டனை, குறைந்த காவல் என்றால்தான் வீடு அசட்டையாகிவிடுகிறது. "மூணு வேளை சோறு கிடைக்குது, அவனுக்கென்ன" என்பார்கள். குறைந்த காவல் என்பது சிறைக்காரர்கள் போடும் கணக்கு: இவர் தப்பி ஓட மாட்டார், அடிதடிக்குப் போக மாட்டார் என்று. அதற்குமேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. இரவில் அவருக்குத் தூக்கம் வருகிறதா என்று அது சொல்லாது.

அந்த ஒன்றரை வருடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் 18 மாதம் 12 ஆகிவிடும். 2008-இல் சிறைச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த பரோல் முறையில் (தண்டனை முடியுமுன் கண்காணிப்போடு வெளியே விடுவது), ஓராண்டுக்குக் குறையாத தண்டனையில் பாதியைக் கழித்தவரின் பெயர் பரிசீலனைக்குப் போகலாம். பரோலிலிருந்து விலக்கிய குற்றங்களும் உண்டு, அதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் போனால் 9 மாதத்திலேயே, வெளியே வந்தால் எங்கே தங்குவார், யார் பார்த்துக்கொள்வார் என்று வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள். அதுவரை மகனோடு ஒரு வார்த்தை பேசாத அப்பா அப்போது என்ன பதில் சொல்வார்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு முறையாவது யாராவது வந்து பார்த்தவர்கள் மறுபடி குற்றத் தீர்ப்பு வாங்கும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைந்திருந்தது. யார் வந்தது என்பதையும் பிரித்துப் பார்த்தார்கள். அப்பா, உடன்பிறந்தவர்கள், சம்பந்த வழி உறவினர், சமயப் பெரியவர்கள் வந்தபோது பலன் கூடுதலாகத் தெரிந்தது. பிரிந்துபோன துணை வந்தபோது நிலைமை மோசமானது என்பதையும் மறைக்கவில்லை. ஊர் வேறு, சிறை வேறுதான். ஆனாலும் படித்தபோது எனக்கு அந்தச் சாகா கார்தான் ஞாபகத்துக்கு வந்தது. நம் வீடுகளில் அம்மா ஒருவர்தான் போகிறார். அப்பாவுக்குக் கோபம், அண்ணனுக்கு ஷிப்ட், மச்சானுக்கு "நமக்கெதுக்கு வம்பு".

அம்மாவால் சில விஷயங்களைப் பேச முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் அவர், நடுவில் ஒரு போன். "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேம்மா." "இளைச்சிட்டியே." பிறகு அழுகை. நேரம் முடிந்துவிடும். மோட்டார் கடன் என்ன ஆச்சு, பழைய முதலாளி சேர்த்துக்கொள்வாரா, அந்தக் கூட்டாளிகள் இன்னமும் பிளாட்டுக்குக் கீழே நிற்கிறார்களா என்பதெல்லாம் அண்ணன் வந்தால்தான் பேச்சில் வரும். போவதற்கு முன் மூன்று விஷயத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். அதில் ஒன்றாவது வெளியே வந்த பிறகான நாளைப் பற்றியதாக இருக்கட்டும்.

போக முடியாத மாதத்தில் கடிதம் எழுதுங்கள். அதிகாரிகள் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், அதனால் சங்கேதப் பேச்சும் வழக்கு விவரமும் வேண்டாம். அறிவுரையும் வேண்டாம், அது உள்ளேயே நிறையக் கிடைக்கிறது. வாசல் மாமரம் காய்த்தது, அக்கா மகள் எஸ்பிஎம் பரீட்சை எழுதப்போகிறாள், தண்ணீர்க் குழாய் மறுபடி ஒழுகுகிறது, இப்படி எழுதினால் போதும். என்னிடம் வந்த ஒருவர், குழாய் ஒழுகிய கடிதத்தை மடிப்பு கிழியும்வரை வைத்திருந்ததாகச் சொன்னார். தான் இருந்தால் சரி செய்திருப்பேனே என்று தோன்றியதாம்.

பிள்ளைகளிடம் "அப்பா சிங்கப்பூர்ல வேலை" என்று சொல்லிவைக்கும் வீடுகள் ஏராளம். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் உண்மையை உடைத்துவிடுவான். தப்பு செய்தார், அதற்காக ஓர் இடத்தில் இருக்கிறார், திரும்பி வருவார் என்று ஆறு வயதுக்குப் புரிகிற மாதிரி நீங்களே சொல்லிவிடுங்கள்.

தீபாவளிக்குச் சிறப்புச் சந்திப்பு கொடுப்பார்கள், கூட்டமும் போகும். நான் அதைவிட மே, ஜூன் மாதங்களைச் சொல்வேன். பண்டிகை இல்லாத, யாரும் வராத மாதங்கள். விடுதலைக்கு முந்தைய மூன்று மாதத்தையும் விட்டுவிடாதீர்கள். வெளியே வருகிற பயம் அப்போதுதான் பிடிக்கும்.

செந்தூல் அப்பாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. வீட்டு விசாரணைக்கு ஆள் வந்தால் உங்களைத்தான் கேட்பார்கள் என்று மட்டும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்தார். அடுத்த மாதம் ஒரு நாள் காலையில் போன் வந்தது. "உள்ள போறதுக்குச் சிலிப்பர் போட்டிருந்தா விடுவாங்களா, சப்பாத்துதான் போடணுமா?"