மலேரியாச் சோகை: சொல்லும் பொருளும்

"முகமெல்லாம் சோகை தட்டிப்போச்சு" என்று தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்திருக்கும், நகக்கண்ணில் சிவப்பு இருக்காது, முகம் லேசாக ஊதியிருக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சோகை என்ற சொல் இவ்வளவையும் சேர்த்தே சுமக்கிறது. (கரும்புக் கொல்லையில் உரிக்கும் சோகை வேறு சொல்.) சித்த மருத்துவத்தில் இதற்குப் பாண்டு, வெளுப்பு நோய் என்று பெயர். பாண்டு என்றால் வடமொழியில் வெளிறிய மஞ்சள் நிறம்.

மருத்துவமனையில் சொல்லும் 'அனீமியா' கிரேக்கச் சொல். 'அன்' என்றால் இல்லாமை, 'ஹைமா' என்றால் இரத்தம். ஆனால் சோகை வந்தவருக்கு இரத்தம் இல்லாமல் போவதில்லை. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் குறைகிறது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஆணுக்கு 13 கிராம், பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 என்ற அளவுக்குக் கீழே போனால் அது சோகை. 'இரத்தசோகை' எங்கும் பரவிய வழக்கு. தனித்தமிழில் வேண்டுமானால் 'குருதிச்சோகை'. வெறும் 'சோகை' என்றாலும் பொருள் கெடாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வெளுப்பு, பாண்டு, சோகை, அனீமியா ஆகிய எல்லாமே கண்ணுக்குத் தெரியும் விளைவின் பெயர்கள். காரணம் எதிலும் இல்லை. இரத்தசோகை என்று காதில் விழுந்ததும் இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும்தான் நினைவுக்கு வருகின்றன. மலேரியாவில் வரும் சோகைக்கு அந்த நினைப்பு பொருந்தாது. அதனால் காரணத்தை முன்னால் சேர்த்து 'மலேரியாச் சோகை' என்று எழுதுவதே சரி. 'முறைக்காய்ச்சல் சோகை' என்றும் எழுதலாம். முறைப்பாசனத்தில் தண்ணீர் முறை வருகிறதே, அதே 'முறை'தான் இதிலும். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் காய்ச்சலும் வருவதால் வந்த பெயர். இத்தாலியர்கள் வைத்த 'மாலா அரியா'வுக்குக் கெட்ட காற்று என்று பொருள். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் அல்ஜீரியாவில் நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அதன் பிறகும் காற்றின் பெயரே நிலைத்துவிட்டது. நம் முன்னோர் வைத்த பெயர் நோயின் நடையைச் சொல்கிறது. ஆனால் காய்ச்சல் முறையாக வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகையில் பல நேரம் முறையே இருக்காது.

காவிரி டெல்டாவுக்கு இந்த நோய் பழக்கமானதுதான். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து, புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்தபோது, பட்டுக்கோட்டைப் பகுதியில் கசிவுநீர் தேங்கிய இடங்களிலும் கரைக்கு மண் எடுத்த குழிகளிலும் கொசு பெருகியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல், ராமச்சந்திர ராவுடன் சேர்ந்து அங்கே நெல் வயல்களை ஆராய்ந்தார். நட்ட புதிதில் வெயில் படும் தெளிந்த நீரில் அனோபிலஸ் குலிசிஃபேசிஸ் கொசு முட்டையிடுகிறது. பயிர் ஓரடிக்கு மேல் வளர்ந்துவிட்டால் இடுவதில்லை. காரணம் நிழல் மட்டுமல்ல, நெருங்கி நிற்கும் தாள்களே கொசுவைத் தடுக்கின்றன என்று அவர்கள் கண்டது இன்றும் மேற்கோளாக வருகிறது. இப்போது டெல்டாவில் மலேரியா அரிது. நோய் அதிகமுள்ள மாநிலத்துக்கோ ஆப்பிரிக்காவுக்கோ வேலைக்குப் போய்த் திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால்தான் நினைக்கிறோம். அரிதாகிப் போனதாலேயே தவறவிடுகிறோம்.

சோகை எப்படி வருகிறது? ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து, ஹீமோகுளோபினைத் தின்று, 48 மணி நேரத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது, அதனால் இரத்தம் குறைகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் கணக்குப் போட்டால் அது போதாது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதாவது நோயே இல்லாதவருக்கும் இரண்டு நாளில் 1.7 சதவீத அணுக்கள் மடிந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. ஒட்டுண்ணி 1 சதவீத அணுக்களில் இருந்தால், இரண்டு நாளில் உடைவது அந்த 1 சதவீதம். இயல்பான கழிவைவிடவே குறைவு. 13 கிராமிலிருந்து 7 கிராமுக்கு இறங்குவதற்கு இது ஈடுகொடுக்காது.

மிச்சத்தைச் செய்பவை இரண்டு. முதலாவது, ஒட்டுண்ணியே புகாத நல்ல அணுக்களும் அழிகின்றன. அவற்றின் சவ்வு விறைத்துப்போகிறது, மேலே எதிர்ப்பொருள் படிகிறது, மண்ணீரல் அவற்றைப் பிடித்து விழுங்குகிறது. ஃபால்சிபாரத்தில் பாதிக்கப்பட்ட ஓர் அணுவுக்கு எட்டுக்கும் மேற்பட்ட நல்ல அணுக்களும், வைவாக்ஸ் என்ற மற்றொரு வகையில் முப்பதுக்கும் மேற்பட்டவையும் போகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வைவாக்ஸ் இளம் அணுக்களில் மட்டுமே புகும், எண்ணிக்கையும் அதிகம் ஏறாது. அப்படியும் சோகை கடுமையாவது இதனால்தான். விழுங்கி விழுங்கி மண்ணீரல் பெருக்கும். பழைய பேச்சில் காய்ச்சல்கட்டி என்றது இதைத்தான். இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே கையில் தட்டுப்படும். எண்ணெய் போட்டு உருவவோ அமுக்கவோ கூடாது, கிழிந்து உள்ளே இரத்தம் கொட்டும்.

இரண்டாவது, சிவப்பணுக்களை உண்டாக்கும் எலும்பு மச்சை வேலையைக் குறைத்துக்கொள்கிறது. (சித்த மருத்துவம் ஏழு தாதுக்களில் ஒன்றாக 'மூளை' என்று சொல்வது எலும்புக்குள் இருக்கும் இந்த மச்சையையே.) இதன் ஆங்கில மருத்துவப் பெயர் டிஸ்எரித்ரோபொயீசிஸ். 'டிஸ்' கோளாறு, 'எரித்ரோஸ்' சிவப்பு, 'பொயீசிஸ்' ஆக்கம். தமிழில் 'சிவப்பணு ஆக்கக் கோளாறு' என்றால் சொல்லுக்குச் சொல் பொருந்தும். 'உற்பத்திக் குறைவு' என்று எழுதுவது பாதிதான் சரி. நாற்றங்காலில் விதை முளைத்தும் நாற்று வயலுக்கு வராமல் அங்கேயே அழுகுவதுபோல, மச்சையில் முன்னோடி அணுக்கள் இருக்கும், ஆனால் உருக்குலைந்து, முதிராமல் அங்கேயே மடியும். ஹீமோகுளோபினைத் தின்ற ஒட்டுண்ணி மிச்சம் விடும் ஹீமோசோயின் என்ற பழுப்புப் படிகம், மலேரியா நிறமி, மச்சையில் படிந்து ஆக்கத்தைத் தடுக்கிறது. அழற்சியில் சுரக்கும் டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் காமா போன்ற புரதங்களும் தடுக்கின்றன. சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனை அனுப்பி 'இன்னும் செய்' என்று கேட்டாலும் மச்சை அதற்கேற்ப எழுவதில்லை.

இதைப் பரிசோதனை அறிக்கையில் நேராகவே பார்க்கலாம். ரெட்டிகுலோசைட் என்ற இளஞ்சிவப்பணு 2 சதவீதம் என்று இருந்தால் இயல்பு என்று தோன்றும். இரத்தத்தில் அணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 22 ஆக இருக்கிறது என்று வையுங்கள். 2ஐ 22ஆல் பெருக்கி, இயல்பான ஹீமட்டோகிரிட்டான 45ஆல் வகுத்தால் கிடைப்பது 1 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சோகையில் இளம் அணுக்கள் பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மச்சை அடங்கிக் கிடக்கிறது. அணுவின் அளவைக் காட்டும் எம்சிவி மலேரியாச் சோகையில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இரும்புக் குறைவில் அது இறங்கியிருக்கும். வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கு, குடலில் இரத்தம் உறிஞ்சி இரும்பைக் குறைக்கும் கொக்கிப்புழுவும் சேர்ந்திருந்தால் இரண்டும் கலந்து குழப்பும்.

இரும்பு மாத்திரை ஏன் உடனே உதவாது என்பதற்கு ஹெப்சிடின் என்ற ஹார்மோன் காரணம். காய்ச்சலின்போது கல்லீரல் இதைக் கூடுதலாகச் சுரக்கிறது. குடல் இரும்பை உள்ளே விடாது, உடலில் இருக்கும் இரும்பும் விழுங்கணுக்களுக்குள் பூட்டிக்கிடக்கும். இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் அளவும் அழற்சியால் ஏறித் தெரியும், அதை நம்பி இரும்புக் கையிருப்பை முடிவுசெய்யக் கூடாது. முதலில் ஒட்டுண்ணியை ஒழிக்க வேண்டும். இரும்புக் குறைவு உண்டா என்பதைக் காய்ச்சல் அடங்கிய பிறகு பார்ப்பதே பயன் தரும். இரும்பு சேர்ந்த சித்த மருந்தான அன்னபேதிச் செந்தூரத்துக்கும் இதே நியாயம்தான்.

ஒட்டுண்ணியை ஒழிக்க முதலில் தெரிய வேண்டியது அது எந்த வகை என்பது. விரல் நுனியில் குத்தி, ஒரே கண்ணாடித் தகட்டில் தடித்த தடவல் ஒன்றும் மெல்லிய தடவல் ஒன்றும் எடுப்பார்கள். தடித்ததில் ஒட்டுண்ணி உண்டா என்பதும், மெல்லியதில் எந்த வகை என்பதும் தெரியும். ஒருமுறை இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். குழந்தைக்கு ஹீமோகுளோபின் 5 கிராமுக்குக் கீழும், பெரியவருக்கு 7 கிராமுக்குக் கீழும் போயிருந்தால் அது கடும் மலேரியாவின் அறிகுறி. வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை அல்ல.

மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் ஹீமோகுளோபின் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. ஒட்டுண்ணி அழிந்ததும் மச்சை விழித்துக்கொள்கிறது, இளஞ்சிவப்பணு ஏறத் தொடங்குகிறது. பழைய அளவுக்கு வரச் சில வாரங்கள் ஆகும். நரம்பு வழியாக ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தைப் பெற்றவருக்கு ஒரு வாரத்துக்குப் பின்னும் அணுக்கள் உடைவது உண்டு. அதனால் நான்கு வாரம்வரை வாரம் ஒருமுறை இரத்தம் பார்ப்பது நல்லது. வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து மீண்டும் வராமலிருக்க 14 நாள் பிரைமாகுயின் கொடுக்கிறார்கள். ஜி6பிடி நொதி குறைந்தவருக்கு அந்த மருந்தே சிவப்பணுக்களை உடைக்கும். கர்ப்பிணிக்குக் கொடுப்பதே இல்லை. மாத்திரை சாப்பிடும் நாட்களில் சிறுநீர் கறுத்துப்போனால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.