எக்ஸ்போர்ட் டேட்டா: ஏற்றுமதியா, புறத்தரவா?

எக்ஸ்போர்ட் டேட்டாவை ‘ஏற்றுமதித் தரவு’ என்று எழுதினால், சுங்கத்துறைக் கணக்கு என்றுதான் படிப்பவர் நினைப்பார். கோ நிரல்மொழியின் கம்பைலரில் (நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருளில்) பொருளே வேறு. ஒரு பொதியை (பேக்கேஜ், அதாவது ஒன்றாகக் கட்டிவைத்த நிரல்கள்) கம்பைல் செய்து முடித்ததும், அதைப் பயன்படுத்தப்போகும் பிற பொதிகளுக்குத் தெரியவேண்டியதை மட்டும் கம்பைலர் எழுதிவைக்கும் குறிப்பு அது. (பேக்கேஜைத் ‘தொகுப்பு’ என்பவர்கள் உண்டு. கம்பைலரையும் ‘தொகுப்பி’ என்கிறார்களே, குழப்பம் எதற்கு? எனக்குப் பொதிதான்.)

ஸ்டிரிங்ஸ் என்ற பொதியில் ஸ்பிளிட் என்றொரு செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது. இரண்டு சரங்களை (எழுத்துத் தொடர்களை) வாங்கிக்கொண்டு சரங்களின் வரிசை ஒன்றைத் தரும். அதை அழைக்கும் நிரலைக் கம்பைல் செய்ய இவ்வளவு தெரிந்தால் போதும். ஸ்டிரிங்ஸின் மூலநிரலைத் திறக்கவே வேண்டாம். ஆனால் ஸ்பிளிட்டின் உடல் ஒரே வரி. அழைக்கும் இடத்திலேயே அதைப் பதித்துவிடலாம் என்பதால் அந்த வரியும் குறிப்பில் ஏறும். அந்த வரி ஏவுகிற ஜென்ஸ்பிளிட் என்ற உள்வீட்டு ஆளும் கூடவே வந்துவிடுவார்!

இதன் அருமை சி++ எழுதியவர்களுக்குத் தெரியும். 2007இல் கூகுளில் அளந்து பார்த்த ஒரு நிரலின் மூலம் 4.2 மெகாபைட், பிற நிரல்களின் விவரம் தாங்கிய தலைப்புக் கோப்புகள் திரும்பத் திரும்ப விரிந்து கம்பைலருக்குள் போனதோ 8 ஜிகாபைட்டுக்கும் மேல். கோவின் வழி, நிரல்மொழிகளை வடிவமைத்த நிக்லவுஸ் விர்த் போட்ட பாதை. அவருடைய மாடுலா-2 மொழியில் எக்ஸ்போர்ட் என்பது மொழியின் சொல்லாகவே இருந்தது. அவருடைய அடுத்த மொழியான ஓபரானில் பெயருக்குப் பின்னால் ஓர் உடுக்குறியாக (*) சுருங்கியது. கோ மொழியில் பெயரின் முதலெழுத்து பெரிய எழுத்தாக (கேப்பிட்டல்) இருந்தாலே போதும்.

லத்தீனில் ‘எக்ஸ்’ வெளியே, ‘போர்த்தாரே’ சுமத்தல். ‘டேட்டா’ என்றால் தரப்பட்டவை. ‘தரு’விலிருந்து வந்த நம் ‘தரவு’ அச்சாகப் பொருந்துகிறது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். இந்தக் குறிப்பும், கம்பைலர் உண்டாக்கும் ஆப்ஜெக்ட் கோப்பின் தொடக்கத்தில்தான் இருக்கும். அதைப் படித்ததும் கம்பைலர் கோப்பை மூடிவிடலாம்.

இடிப்பது ‘ஏற்றுமதி’தான். கப்பலேறிய சரக்கு கரையில் இருக்காது. இங்கே சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது, விவரம்தான் போகிறது. வேடிக்கை என்னவென்றால், பட்டினப்பாலையில் ‘ஏற்றுவது’ நீரிலிருந்து நிலத்துக்கு! சரக்கை முத்திரையிட்டு வெளியே விடுவதை அது ‘புலி பொறித்துப் புறம் போக்கி’ என்கிறது. ‘புறம்போக்கு’ இன்று வசைச்சொல்லாகிவிட்டது. ‘புறம்’ மட்டும் தப்பியிருக்கிறது. ஆகவே என் தேர்வு ‘புறத்தரவு’. வெளியே தெரியும் பெயர் புறப்பெயர், தெரியாதது அகப்பெயர்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. அதனால் தமிழெழுத்தில் தொடங்கும் எந்தப் பெயரும் கோ மொழியில் புறப்பெயர் ஆகாது. அதற்கு முன்பே இன்னொரு முட்டுக்கட்டை: புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் கோ பெயருக்குள் விடுவதில்லை. ‘நட’ என்று பெயர் வைக்கலாம். ‘நடை’ என்று வைக்க முடியாது.