எம்ஜிபி வாங்கும் முன் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வருபவர்கள் பெயிண்டைப் பார்ப்பார்கள், பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பார்கள். கதவுக்கு அடியில் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஓடும் 'சில்' என்ற இரும்புப் பெட்டியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான இந்த வண்டிக்குச் சேஸி என்ற தனி அடிச்சட்டம் கிடையாது. பாடிதான் பாரம் தாங்குகிறது. திறந்த மாடலான ரோட்ஸ்டரில் கூரையும் இல்லாததால் பாரத்தின் பெரும்பகுதி சில்லின் தலையில் விழுகிறது. 1.8 லிட்டர் எஞ்சின் போனால் சரிசெய்துகொள்ளலாம், உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. சில் போனால் வெல்டிங் கூலி கையைக் கடித்துவிடும்.

முதலில் கதவு இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கலாம். அப்புறம் விற்பவரையே அதற்குரிய இடத்தில் ஜாக் வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். இடைவெளி மாறினாலோ, 'நறநற' என்று சத்தம் வந்தாலோ அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"புது சில் போட்டாச்சு" என்பார்கள். சில்லின் இரு முனைகளும் சக்கரங்களை மூடியிருக்கும் ஃபெண்டர் தகடுகளுக்குள் மறைந்திருக்கும். ஃபெண்டரின் அடியை வெட்டாமல் சில்லை முழுசாக மாற்ற முடியாது. வெட்டிய போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய துருவின் மேலேயே தகடு ஒட்டி, புட்டி பூசிய வண்டிகள் நிறைய. முன்சக்கரத்துக்குப் பின்னால், ஃபெண்டரின் அடியில், துணியில் சுற்றிய காந்தத்தை வைத்தால் தெரிந்துவிடும்; புட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது.

வண்டி எண்ணைப் போட்டால் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையின் வரலாறு அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பாஸா ஃபெயிலா என்பதைவிட, கீழே எழுதியிருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளைப் படியுங்கள். 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத 40 வயது தாண்டிய கார்களுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. அதனால் பல வண்டிகளின் வரலாறு அங்கேயே நின்றுபோயிருக்கும். விருப்பப்பட்டால் இப்போதும் பணம் கட்டிச் சோதிக்கலாம். அதற்கு மறுப்பவரிடம் நான் விலை பேசச் சொல்வதில்லை.

சரி, எஞ்சின். நீங்கள் போகும்போது அது ஆறியிருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் குளிர்நேரக் கோளாறுகளை மறைத்துவிடும். ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) உண்டு என்றால் நான்காம் கியரில் போட்டுப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் வயரிங் கோளாறாகத்தான் இருக்கும். ஆனாலும் விலையைக் குறைத்துக் கேட்க அது போதும்.