அப்பத்தா சொன்ன கிரகணமும் அண்ணத்தில் ஓடும் கோடும்

“கிரகணத்தன்னைக்கு வெளிய தலகாட்டாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டரம்மா. கேட்டாளா?”

2020 மார்ச் தொடக்கம். கம்பத்தில் என் பல் மருத்துவமனைக்கு வந்த அந்த அப்பத்தாவின் மடியில் 12 நாள் ஆண் குழந்தை. இடது பக்கம் மேலுதடு மூக்குத் துவாரம் வரை பிளந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், வாயின் மேற்கூரையான அண்ணமும் திறந்திருந்தது. மருமகள் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்றும் வேலைக்குப் போயிருக்கிறாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

தோட்டத்து மலையாளப் பெண்கள் இதை ‘முச்சுண்டு’ என்பார்கள், மூன்று உதடு என்ற பொருளில். நம் பக்கம் ‘மூளி’ என்று கூசாமல் சொல்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் பழி மட்டும் பெற்றவள் தலையில்தான் விழுகிறது.

அப்பத்தாவை நாக்கு நுனியால் மேலண்ணத்தை முன்னிருந்து பின்னாகத் தடவிப் பார்க்கச் சொன்னேன். நீங்களும் பாருங்கள். நடுவில் ஒரு கோடு தட்டுப்படும். “தையல் போட்டாப்ல இருக்கே” என்றார். தையல்தான். நம் எல்லாருடைய அண்ணமும் இரண்டு பாதியாக இருந்து ஒட்டியதுதான்.

கரு உருவான நான்காம் வாரத்தில் முகம் என்று ஒன்று கிடையாது. வாய் வரவேண்டிய இடத்தில் ஒரு குழி, அதைச் சுற்றி ஐந்து மொட்டுகள்: நெற்றிப் பக்கம் ஒன்று, மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. கீழ்த்தாடை மொட்டுகள் சீக்கிரமே நடுவில் சேர்ந்துவிடும். கீழுதட்டில் பிளவு மிக மிக அரிது. மேலுதட்டில்தான் வேலை அதிகம். நெற்றி மொட்டிலிருந்து மூக்கின் பகுதிகள் உருவாகி நடுவில் கூட, பக்கத்திலிருந்து மேல்தாடை மொட்டுகள் நகர்ந்து வந்து ஆறு, ஏழாம் வாரங்களில் அவற்றோடு ஒட்ட வேண்டும். மூக்குக்குக் கீழே விரல் வைத்தால் தெரிகிற சின்னப் பள்ளம் அந்த நடுப்பகுதி. ஒரு பக்கம் ஒட்டாமல் விட்டுப்போனால் உதட்டுப் பிளவு. அது இடது பக்கம்தான் அதிகம் வருகிறது.

அண்ணம் உருவாகும் விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம். இரண்டு பலகைகள் முதலில் நாக்கின் இரு பக்கமும் கீழே தொங்கும். நாக்கு நடுவில் அடைத்துக்கொண்டு நிற்கும். எட்டாம் வாரம் வாக்கில் தாடை வளர்ந்து நாக்கு தாழ்ந்ததும் பலகைகள் எழுந்து நாக்குக்கு மேலே படுக்கும். பிறகு முன்னிருந்து பின்னாக ஒட்டிக்கொண்டே போய் 12ஆம் வாரத்தில் உள்நாக்கில் முடியும்.

இந்த வாரக் கணக்கு கரு உருவான நாளிலிருந்து எண்ணுவது. நர்ஸம்மா கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார், இரண்டு வாரம் கூடும். அப்படிப் பார்த்தாலும் ஒன்பதாம் வாரத்தில், அதாவது நாள் தள்ளிப்போய் ஐந்து வாரத்தில், உதடு கூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போதுதான் கர்ப்பமே உறுதியாகியிருக்கும். நான்காம் மாதத்தில் அண்ணமும் முடிந்துவிடும். முடிந்துபோன வேலையை ஏழாம் மாதத்துக் கிரகணம் எப்படிக் கலைக்கும்? முதல் மாதத்தில் வந்திருந்தாலும் கலைக்காது. நிலாவின் நிழலுக்கும் கருவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கர்ப்பிணி அரிவாள்மனையில் காய் நறுக்கினாலும் ஒன்றும் ஆகாது.

உலக அளவில் சுமார் 700 பிறப்புகளுக்கு ஒன்றில் இந்தப் பிளவு வருகிறது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. புகை, கருத்தரிக்கும் முன்பே கட்டுப்படாத சர்க்கரை, வால்ப்ரோயேட், டோபிரமேட் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் ஆபத்தைக் கூட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் கேளுங்கள். பல குடும்பங்களில் தனியொரு காரணம் கடைசி வரை பிடிபடாது.

அன்று எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. குழந்தையின் எடை இறங்கியிருந்தது. பால் புகட்டும் விதத்தைப் பிரசவம் பார்த்த இடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணம் திறந்திருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது, பால் மூக்கில் ஏறும். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, தலையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் (பால் புகட்டும் சின்னச் சங்கு) கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். இடையிடையே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க வேண்டும். மகனுக்குப் புகட்டிய பாலாடை பரணில் கிடப்பதாக அப்பத்தா சொன்னார். மறுவாரம் அவர்தான் புகட்டிக் காட்டினார், பதமாக, ஒரு சொட்டு சிந்தாமல். எடை ஏறியிருந்தது.

உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தைப்பார்கள். அண்ணத்தைப் பேச்சு வருமுன், பெரும்பாலும் ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடுவார்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் பதிந்தால் இலவச அறுவைச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். இவனுக்கு ஊரடங்கால் எல்லாமே தள்ளிப்போயிற்று. அண்ணம் மூடும்வரை காற்று மூக்கு வழியே போய்விடுவதால் ‘அப்பத்தா’ என்பது ‘அம்மன்னா’ என்றே வந்தது. அறுவைக்குப் பிறகும் பல மாதம் பேச்சுப் பயிற்சி தேவைப்பட்டது. ஒருநாள் என் நாற்காலியில் உட்கார்ந்து ‘அப்பத்தா’ என்று திருத்தமாகச் சொன்னான்.

சென்ற முறை வந்தபோது மருமகள் தயங்கித் தயங்கி அடுத்த குழந்தையைப் பற்றிக் கேட்டாள். ஒரு பிள்ளைக்கு இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு 100க்கு நான்கு வாக்கில், 96 பிள்ளைகள் பிளவில்லாமல் பிறப்பார்கள் என்றேன். ஃபோலிக் அமில மாத்திரை 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதுகுத்தண்டுக் குறைகளை அது தடுக்கும் என்பது உறுதி, உதட்டுக்கு அவ்வளவு உறுதி சொல்ல முடியாது. உனக்கு எவ்வளவு அளவு என்பதை மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள் என்று சீட்டு எழுதினேன். அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் அப்பத்தா.