தாலேட்: அந்துருண்டையிலிருந்து பிறந்த சொல்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கிடந்தது. புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கியது. புதிதில் துணி போலக் குழைந்து மேசை ஓரத்தில் மடிந்து விழும். இரண்டு வருடத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. மடித்தால் மடிப்பிலேயே விரிசல் விடுகிறது. "வெயில்ல காஞ்சிடுச்சுக்கா" என்றாள். அந்த அறையில் வெயிலே விழாது. விரிப்பைக் குழைய வைத்திருந்த ஏதோ ஒன்று அதை விட்டுப் போயிருந்தது. அதன் பெயர்தான் தாலேட்.

அந்த விரிப்பு பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அது இயல்பில் விறைப்பான பொருள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையிலேயே பி.வி.சி. பிசின் தயாராகிறது, பார்க்க வெள்ளைத் தூள். குழைவு சேர்க்காமல் வார்த்தால் அது தண்ணீர்க் குழாய், ஜன்னல் சட்டம். அதே தூளில் நிறமில்லாத, எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலந்தால் ஹோஸ் பைப், ரெக்சின், மழைக்கோட்டு, மேசை விரிப்பு. அந்தத் திரவம் பெரும்பாலும் ஏதாவது ஒரு தாலேட்டாக இருக்கும். இப்படி மென்மையாக்கிய பொருள்களின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அதுவே இருப்பதுண்டு. ஆனால் அது பிளாஸ்டிக்கோடு வேதியியல் பிணைப்பில் சேர்வதில்லை. பிசைந்த மாவில் எண்ணெய் இருப்பதுபோல இடையில் இருக்கிறது. சூடு பட்டால், எண்ணெய்ப் பசை பட்டால், நாளாக ஆக, கசிந்து வெளியே வரும். வீட்டுத் தூசியில் படியும், உணவில் சேரும், கையில் ஒட்டும்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? நம் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து என்றே சொல்லலாம். அந்துருண்டை, பாச்சை உருண்டை என்கிறோமே, அது நாப்தலீன். நாப்தா என்பது பூமியிலிருந்து ஊறும் எரியெண்ணெய்க்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயர். அவர்களுக்கு அது கிழக்கிலிருந்து, பாரசீகம், மெசபடோமியா பக்கமிருந்து வந்தது. 1836இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் லொரான் நாப்தலீனிலிருந்து ஓர் அமிலத்தைத் தயாரித்து, அதற்கு நாப்தலிக் அமிலம் என்று பெயரிட்டார். அதன் சரியான வேதி வாய்பாட்டை மரிஞாக் என்ற சுவிஸ் வேதியியலாளர் கண்டுபிடித்த பிறகு, முன்னாலிருந்த 'நா'வை வெட்டிவிட்டு மிச்சத்தையே, தாலிக் அமிலம் என்று, பெயராக்கினார் லொரான். அந்த அமிலத்தின் உப்புகளும், அது ஆல்கஹாலோடு சேர்ந்து உருவாகும் எஸ்டர்களும்தான் தாலேட்டுகள். தலை போன சொல் என்பதால்தான் உச்சரிக்க இத்தனை சிரமம். ஆங்கிலத்தில் phthalate என்று எழுதினாலும் முதலெழுத்துகளான ph ஊமை. தாலேட் என்றே ஒலிக்கும். பிரெஞ்சில் ஃப்தலாத். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் அப்படிச் சொன்னால் தவறென்று திருத்திவிடாதீர்கள். சொல்லைப் பெற்ற மொழியின் ஒலி அதுதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? வேதிப்பெயரை மாற்ற வேண்டாம், தாலேட் என்றே எழுதலாம். அது செய்யும் வேலைக்குத்தான் தமிழ்ச் சொல் வேண்டும். பிளாஸ்டிசைசர் என்பதற்கு நெகிழியாக்கி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நெகிழியை உண்டாக்குவது என்று பொருள் தந்துவிடும். நெகிழி ஏற்கெனவே இருக்கிறது, இது அதற்கு நெகிழ்வை ஊட்டுகிறது. எனவே நெகிழ்வூட்டி. நெகிழ்தல் நமக்குப் பழைய சொல். சங்கப் பாடல்களில் பிரிவால் மெலிந்தவளின் கையிலிருந்து வளை நெகிழும். குழைவது, தளர்வது, பிடி விட்டுக் கழல்வது எல்லாம் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. பிளாஸ்டிக்கிலிருந்து கழன்று வரும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

கழன்று வந்தது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல இன்னொரு சொல் வேண்டும்: ஹார்மோன் குலைப்பி. எண்டோகிரைன் டிஸ்ரப்டர் என்ற தொடர் 1991இல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் நடந்த ஒரு கூட்டத்தில் பிறந்தது. நாளமில்லாச் சுரப்பிகளின் வேலையில் குறுக்கிடும் பொருள் என்று அர்த்தம். சில தாலேட்டுகள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைப்பது விலங்குச் சோதனைகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கருவிலிருக்கும் ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகளே சரியாக உருவாகாமல் போகின்றன.

மனிதர்களில்? அமெரிக்காவில் மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் குழந்தைக்கு முயன்ற 501 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. கணவரின் சிறுநீரில் சில தாலேட்டுகளின் கழிவு அதிகமிருந்த வீடுகளில் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் குறைவு. மனைவி இல்லை, கணவர். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் தங்கைக்கு நாள் தள்ளிப்போகாத இரண்டு வருடமும் உறவுக்காரர்கள் "விசேஷம் உண்டா" என்று அவளை மட்டும்தான் கேட்டார்கள். மாப்பிள்ளை பைக் சீட் கவர் கடை வைத்திருக்கிறார்; காலை முதல் இரவு வரை புது ரெக்சின் வாசனையில்தான் இருப்பார். அதுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அவரையும் ஒருவர் கேட்டிருக்கலாம். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகும். கருத்தரிப்பதற்கு முந்தைய அந்த மாதங்கள் அப்பாவுக்கும் கணக்கில் வரும்.

கர்ப்ப காலத்துக்கும் சான்று உண்டு. 16 ஆய்வுகளைச் சேர்ந்த 6,045 கர்ப்பிணிகளின் தரவுகளை ஒன்றாக்கிப் பார்த்து 2022இல் வெளியான அலசலில், சில தாலேட்டுகள் கூடுதலாக இருந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவமும் கூடுதலாக இருந்தது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, ஒரு குறிப்பிட்ட வீட்டில் இதுதான் காரணம் என்று காட்டுவதில்லை. பயந்துபோய் எல்லாப் பிளாஸ்டிக்கையும் தூக்கி எறியவும் வேண்டாம். கேரி பேக் செய்யும் பாலித்தீனுக்குப் பொதுவாக நெகிழ்வூட்டி தேவைப்படாது. மென்மையான பி.வி.சி.யும், வாசனை என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் மறைத்துவிடும் ஸ்பிரேக்களும்தான் கவனிக்க வேண்டியவை. ஆறுதலான விஷயம், தாலேட் உடம்பில் தங்காது. பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். உள்ளே வருவதைக் குறைத்தால் அளவு சீக்கிரமே குறையும்.

இப்போது தங்கைக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குப் போனபோது மேசையில் கோரைப்பாய் விரித்திருந்தாள். மாப்பிள்ளை கடையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியிருக்கிறார்; கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். அம்மா, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் துணி கிழிக்க, பெட்டியிலிருந்து பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து வந்தாள். உதறியதும் அறை முழுக்க அந்துருண்டை வாசனை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பச்சைக்குழந்தைக்கு இந்த நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடக்கூடும். குறைபாடு இருக்கிறதா என்பது பிறந்து பரிசோதித்தால்தான் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு, கட்டியிருந்த பழைய நூல் சேலையின் முந்தானையைத் தடவி, "அப்போ இதைத் துவைச்சுத் தர்றேன்" என்றாள்.