பிளேயரைக் குறை சொல்லும் முன் மெனுவைத் திறங்கள்

வாங்கிய புது 4கே ப்ளூ-ரே டிஸ்க் பிளேயர் சரியில்லை, மாற்றித் தரச் சொல்லவா என்று ஒருவர் கேட்டார். போய்ப் பார்த்தேன். கூரையில் நான்கு ஸ்பீக்கர், ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பங்கிட்டுத் தரும் நல்ல ரிசீவர், எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் படத்தில் மழை பெய்தால் சத்தம் மட்டும் முன்னால் இருந்தே வருகிறது. நான் பிளேயரைத் தொடவில்லை, ரிசீவரின் முகப்பைத்தான் பார்த்தேன். டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் முறை) என்று காட்ட வேண்டிய இடத்தில் 'மல்டி சேனல்' என்று எரிந்துகொண்டிருந்தது. பிளேயர் மெனுவில் பிசிஎம் (பிளேயரே பிரித்த ஒலி) என்றிருந்ததை பிட்ஸ்ட்ரீம் (பிரிக்காமல் அப்படியே அனுப்பும் ஒலி) ஆக்கி, செகண்டரி ஆடியோவை அணைத்தேன். மழை தலைக்கு மேலே வந்துவிட்டது.

ப்ளூ-ரே டிஸ்க்கில் அட்மாஸ் பெரும்பாலும் ட்ரூஎச்டி என்ற தரம் குறையாத ஒலி வடிவத்துக்குள் பொதிந்து வருகிறது. எந்தச் சத்தம் அறையில் எங்கிருந்து வர வேண்டும் என்ற குறிப்பும் அதற்குள்தான் இருக்கிறது. அந்தப் பொட்டலத்தை ரிசீவர்தான் பிரிக்க வேண்டும். பிளேயரே பிரித்து பிசிஎம் ஆக்கி அனுப்பினால் குறிப்பு வழியிலேயே போய்விடும். செகண்டரி ஆடியோ என்பது மெனுவின் கிளிக் சத்தத்தையும் இயக்குநரின் விளக்கவுரையையும் படத்தின் ஒலியோடு கலப்பதற்கான வசதி. கலக்க வேண்டுமானால் பிரித்துத்தானே ஆக வேண்டும்? பல பிளேயர்கள் பெட்டியைத் திறக்கும்போதே இது இயங்கும் நிலையில்தான் வருகின்றன. ஒரு கிளிக் சத்தத்துக்காக நான்கு ஸ்பீக்கரை ஊமையாக்கும் ஏற்பாடு இது. யாருக்குத் தோன்றியதோ!

இன்னொரு வீட்டில் மெனு சரி, கேபிள்தான் தப்பு. பழைய பழக்கத்தில் ஆப்டிகல் கேபிளில் ஒலியை எடுத்திருந்தார்கள். ட்ரூஎச்டி அதில் போகாது. டிவி வழியாக ஒலியைத் திருப்பி அனுப்புகிறவர்களும் கவனிக்க வேண்டும்: டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பும் சாதாரண ஆர்க் இணைப்பில் ட்ரூஎச்டி போகாது, டிவி, ரிசீவர் இரண்டிலும் அதன் மேம்பட்ட வடிவமான ஈஆர்க் வேண்டும். என்னைக் கேட்டால் பிளேயரிலிருந்து ரிசீவர், ரிசீவரிலிருந்து டிவி என்ற நேர்வழிதான் நிம்மதி. உங்கள் ரிசீவர் பழையது, எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு வசதி இல்லை என்றால் 4கே படம் அதன் வழியாகப் போகாது. அதற்காக ரிசீவரைத் தூக்கிப்போட வேண்டாம். இரண்டு எச்டிஎம்ஐ அவுட்புட் உள்ள பிளேயர் வாங்குங்கள். ஒன்று படத்துக்கு டிவிக்கு, மற்றொன்று ஒலிக்கு மட்டும் ரிசீவருக்கு.

படம் வெளிறித் தெரிகிறது, எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகக் காட்டும் முறை) வரவில்லை என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது டிவியின் மெனுவை. பல டிவிகளில் எச்டிஎம்ஐ துளை ஒவ்வொன்றுக்கும் 'என்ஹான்ஸ்டு' என்றோ 'டீப் கலர்' என்றோ தனி அமைப்பு உண்டு. அதை இயக்காவிட்டால் முழு நிறமும் உள்ளே வராது. அப்புறம் பிளேயரில் 24பி அவுட்புட்டை இயக்குங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுவது, அப்படியே போகட்டும். கேபிளுக்கு நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் சான்று இருந்தால் போதும், தங்க முலாம் படத்தை அழகாக்காது. புரொஜெக்டருக்காக நீளமான ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தால் மட்டும் முனைகளைப் பாருங்கள். 'சோர்ஸ்', 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் படமே வராது. இதைக் கேபிளைக் கூரைக்குள் விட்டு மூடிய பிறகு கண்டுபிடித்த ஆள் நான்.

எதை வாங்குவது? உங்கள் திரையிலிருந்து தொடங்குங்கள். சாம்சங் டிவி, எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷனை ஏற்காது, அதற்காகப் பிளேயரில் கூடுதலாகச் செலவழிப்பது வீண். அந்த டிவி ஏற்கும் இன்னொரு வகையான எச்டிஆர்10+ பிளேயரில் இருக்கிறதா என்று பாருங்கள். புரொஜெக்டரில் டிவி அளவுக்கு வெளிச்சம் கிடையாது. அதனால் பிரகாசத்தைத் திரைக்கேற்ப அடக்கித் தரும் பிளேயர் வேண்டும், பானசோனிக் யூபி820 அதற்குப் பேர்போனது. பிளேஸ்டேஷன் 5 வீட்டில் இருக்கிறதே என்றால், டிஸ்க் டிரைவ் உள்ள மாடலில் 4கே டிஸ்க் ஓடும், டால்பி விஷன் கிடையாது, ஆடியோ சிடியும் ஓடாது. ஓப்போ 2018-லேயே பிளேயர் தொழிலை விட்டுவிட்டது. பழைய ஓப்போ கைக்கு வந்தால் இப்போதும் அருமையான இயந்திரம்தான், லென்ஸ் போனால் உதிரிபாகத்துக்கு அலைவீர்கள்.

இறுதியாக, படம் உறைந்து நிற்கும் பிரச்சினை. 100 ஜிபி டிஸ்க்கில் மூன்று அடுக்குகள் உண்டு, நொடிக்கு 128 மெகாபிட் வரை தரவு வரும். ஒரு விரல் ரேகை போதும், லேசர் தடுமாறும். எப்போதும் ஒரே காட்சியில் நின்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். புது டிஸ்க் ஒன்று மட்டும் தொடங்கவே மறுத்தால் பிளேயரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். எல்லா டிஸ்க்கும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, கண்ட இடத்தில் நின்றால், பிளேயரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். நான் போன பல வீடுகளில் அது, சுடச்சுட இருக்கும் ரிசீவரின் தலைமேல்தான் உட்கார்ந்திருந்தது.